கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டது, இனியும் அந்த நாவலைப் படிக்கலாமா?

பாதி நாவல் படித்துக்கொண்டிருக்கும்போது நண்பர் ஒருவர் கொலையாளி யாரென்று சொல்லிவிட்டார், இனி மீதியைப் படிப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நல்ல நாவல் என்றால் தயங்காமல் படியுங்கள். எனக்கு இதே அனுபவம் பதினாறு வயதில் நடந்தது. அதற்குப் பிறகு துப்பறியும் நாவல்களை நான் படிக்கிற விதமே மாறிப்போனது. இந்தப் பதிலில் மூன்று பழைய ஆங்கில நாவல்களின் ரகசியங்களை உடைத்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்', ஃபிரடெரிக் ஃபோர்சித்தின் 'தி டே ஆஃப் தி ஜேக்கல்', வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்'. இவற்றைப் படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெரியம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். நைட் ஷிஃப்டுக்கு என்றே பழைய ஆங்கில நாவல்களாக வாங்கிச் சேர்ப்பார். மெட்ராஸ் போனால் மூர் மார்க்கெட்டில் ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்த காலம் உண்டு. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவார். அப்புறம்தான் முதல் பக்கம். "யாருன்னு தெரிஞ்சுட்டா நிம்மதியா படிக்கலாம்டா" என்பார். ஒரு கோடை விடுமுறையில் அவர் வீட்டில் நான் அக்ராய்டைப் படித்துக்கொண்டிருந்தேன். காய் நறுக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தவர், "அந்த டாக்டர் கதையா?" என்று கேட்டு, மொத்தத்தையும் சொல்லிவிட்டார். இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வேறு புத்தகம் இல்லாமல் அதையே மறுபடி எடுத்தேன்.

1926இல் வந்த நாவல் அது. ஊர் டாக்டர் ஷெப்பர்ட்தான் கதையைச் சொல்கிறார். கொலை செய்தவரும் அவர்தான். இது தெரிந்து படித்தபோது ஒரு பத்தியில் அப்படியே நின்றுவிட்டேன். அக்ராய்டின் அறைக்குக் கடிதங்கள் வந்தது எட்டு நாற்பதுக்கு என்கிறார் டாக்டர். தான் கிளம்பியது எட்டு ஐம்பதுக்கு, அவற்றில் ஒரு முக்கியமான கடிதம் அப்போதும் படிக்கப்படாமலே இருந்தது என்கிறார். கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்து, செய்ய வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று யோசித்தேன் என்கிறார். அவ்வளவும் உண்மை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் கொலை நடந்து முடிந்திருக்கிறது. தெரியாமல் படிப்பவர் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். எனக்கோ முதுகு சில்லிட்டது.

வெளிவந்த காலத்தில், இது வாசகரை ஏமாற்றும் வேலை என்று கோபப்பட்டவர்கள் இருந்தார்கள். துப்பறியும் நாவலாசிரியர் டொரதி சேயர்ஸ் கிறிஸ்டியின் பக்கம் நின்றார். எல்லோரையும் சந்தேகிப்பது வாசகரின் வேலை என்றார். நான் சேயர்ஸ் கட்சி. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது டாக்டரின் அக்கா கரோலின். ஊர்வம்பு அத்தனையும் அவர் விரல்நுனியில். தம்பி மனதிடம் இல்லாதவன், தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளாவிட்டால் அவ்வளவுதான் என்று அவர் நினைப்பு. முதல் தடவை படிப்பவருக்கு அவர் சிரிப்பு மூட்டும் பாத்திரம். முடிவு தெரிந்து படிக்கும்போது அவர் வாய் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் எனக்குப் பரிதாபமாக இருந்தது. ஊர் ரகசியம் எல்லாம் தெரிந்த பெண்மணி, சொந்த வீட்டில் இருப்பதை மட்டும் பார்க்கவில்லை.

ஜேக்கல் இதைவிட விசேஷம், ஏனென்றால் அதன் முடிவு அட்டையைப் பார்த்ததுமே எல்லோருக்கும் தெரியும். 1963இல் பிரெஞ்சு அதிபர் டி கோலைக் கொல்ல ஜேக்கல் என்ற ஆங்கிலேயக் கூலிக் கொலைகாரனை அமர்த்துகிறார்கள் என்பது கதை. டி கோல் 1970 நவம்பரில் தன் வீட்டில் இயற்கையாக இறந்தார். நாவல் வந்தது அடுத்த ஆண்டு. ஆக, கொலை நடக்காது என்று தெரிந்துதான் ஒவ்வொருவரும் படிக்க உட்கார்ந்தார்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் விடிய விடியப் படித்தேன்.

என்ன வைத்திருக்கிறார் ஃபோர்சித்? வேலை நடக்கும் விதத்தை வைத்திருக்கிறார். குழந்தையாக இறந்துபோன ஒருவனின் பெயரைக் கல்லறையில் தேடிப் பிடித்து, அவன் பிறப்புச் சான்றிதழை வாங்கி, அதைக் காட்டி பாஸ்போர்ட் எடுப்பது. துப்பாக்கியைக் கழற்றிக் குழாய்களுக்குள் ஒளித்து ஊன்றுகோலாக மாற்றுவது. இப்படி ஒவ்வொன்றாகப் படிக்கப் படிக்க, இவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நானே பதறத் தொடங்கிவிட்டேன். அடைக்கலம் தந்த சீமாட்டியை அவன் கொல்லும் இடத்தில்தான், இத்தனை நேரம் யார் பக்கம் நின்றிருந்தோம் என்று உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு, அவனைத் தேடும் லெபெல் என்ற அமைதியான போலீஸ்காரர் தூங்காமல் அலைவதைப் படிக்கும்போது, அவர் ஜெயிக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். கடைசியில் குண்டு ஏன் தவறுகிறது தெரியுமா? பழைய வீரர் ஒருவருக்குப் பதக்கம் குத்திய அதிபர், பிரெஞ்சு வழக்கப்படி கன்னத்தில் முத்தமிடச் சட்டென்று குனிகிறார். எல்லாவற்றையும் கணக்குப் போட்ட ஆங்கிலேயன் அந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எல்லாத் துப்பறியும் நாவலும் இப்படித் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். பூட்டிய அறைக்குள் கொலை, கொலைகாரன் எப்படி வெளியேறினான் என்கிற ரகத்தில், அந்த உத்தி தெரிந்த பிறகு என்னால் பல புத்தகங்களை மறுபடி தொட முடியவில்லை. உங்கள் கையில் இருப்பது அந்த ரகம் என்றால் உங்கள் வருத்தம் நியாயமானது.

மூன்ஸ்டோன்தான் நான் மூன்று முறை படித்தது. 1868இல் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக வந்தது. கதை தொடங்கும் இடம் நமக்குப் பழக்கமான ஸ்ரீரங்கப்பட்டணம். 1799இல் திப்பு சுல்தான் விழுந்த அன்று, ஓர் ஆங்கிலேய அதிகாரி கொலை செய்து அபகரிக்கும் மஞ்சள் வைரம். அது இங்கிலாந்தில் ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து, அன்று இரவே காணாமல் போகிறது. கண்டுபிடித்தே தீருவேன் என்று எல்லோரையும்விட அதிகமாக அலைபவன் ஃபிராங்க்ளின் பிளேக். ரேச்சலோ அவனைக் கண்டாலே எரிந்து விழுகிறாள், போலீஸுக்கு வாயே திறக்க மறுக்கிறாள். முதல் தடவை எனக்கு அவள் மேல்தான் சந்தேகம், கோபமும்கூட. உண்மை என்னவென்றால், வைரத்தை எடுத்தவன் பிளேக்தான். அவனுக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட அபினின் மயக்கத்தில் எடுத்தான், விடிந்ததும் அவனுக்கு எதுவும் நினைவில்லை. ரேச்சல் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். காதலிக்கிறவன் திருடியதைப் பார்த்துவிட்டு, அவனைக் காட்டிக் கொடுக்க மனமில்லாமல், அவனே வந்து திருடனைத் தேடுவதையும் சகித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இது தெரிந்து மறுபடி படித்தால் அவள் கத்துகிற ஒவ்வொரு வரியும் வேறு அர்த்தம் தருகிறது. (பிளேக்கின் கையிலிருந்து வைரம் யாரிடம் போனது என்பதை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.)

ஆனால் என்னை மூன்றாவது முறை படிக்க வைத்தவள் ரேச்சல் இல்லை, ரோசன்னா. அந்த வீட்டு வேலைக்காரி. முன்பு திருடிச் சிறைக்குப் போனவள், ஒரு தோள் கோணலானவள். பிளேக்கை வெளியே சொல்ல முடியாமல் நேசிக்கிறாள். ரேச்சலின் அறைக் கதவின் ஈரப் பெயிண்ட் ஒட்டிய அவன் இரவு உடையை அவள்தான் முதலில் கண்டெடுக்கிறாள். புதிதாக ஒன்றைத் தைத்து வைத்துவிட்டு, கறை பட்டதை ஒளித்துவைக்கிறாள். அவனிடம் பேச எத்தனையோ தடவை முயல்கிறாள், முடியவில்லை. ஒரு நாள் தோட்டத்தில் துப்பறிவாளர் கஃப், அவள் காதில் விழும்படி, ரோசன்னா மேல் உங்களுக்கு அக்கறை உண்டா என்று பிளேக்கிடம் கேட்கிறார். அவளைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாதே என்று பிளேக் குரலை உயர்த்தி, எனக்கு அவள் மேல் எந்த அக்கறையும் இல்லை என்கிறான். அவள் கேட்டுவிட்டுப் போய்விடுகிறாள். பிறகு கடற்கரைப் புதைமணலில் இறங்கி உயிரை விடுகிறாள்.

முதல் வாசிப்பில் அந்தத் தோட்டக் காட்சி எனக்கு நினைவில்கூட நிற்கவில்லை. குற்றவாளி தப்பிக்கத் தற்கொலை செய்துகொண்டாள் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது முறை அந்த அரைப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் புத்தகத்தை மூடி வைத்தேன். நல்லது நினைத்துச் சொன்ன ஒரு வாக்கியம் ஒருத்தியைக் கொல்கிறது, சொன்னவனுக்கு அது தெரியாது. துப்பறியும் நாவலில் இப்படி ஒரு இடம் இருக்கும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வைரத்தைத் தேடி இங்கிலாந்து வரை போகும் மூன்று பிராமணர்களை, 1857 கிளர்ச்சி வெடித்துப் பதினொரு ஆண்டுகளே ஆன நேரத்தில், காலின்ஸ் வெறும் கொடியவர்களாக எழுதவில்லை. வைரத்துக்காகக் கொலையும் செய்கிறார்கள், ஆனால் அதற்காகத் தங்கள் ஜாதியையே இழந்தவர்கள். கடைசியில் சோம்நாத்தில் வைரம் சந்திரக் கடவுளின் நெற்றிக்குத் திரும்புகிறது. மூவரும் தழுவிக்கொண்டு, இனி ஒருவரை ஒருவர் பார்க்கவே கூடாது என்ற விதியோடு மூன்று திசையில் பிரிந்து நடக்கிறார்கள். கூட்டம் விலகி வழிவிடுகிறது.

நண்பர் முடிவைச் சொன்ன புத்தகம் எது என்று நீங்கள் எழுதவில்லை. கமெண்டில் சொல்லுங்கள், நான் படித்ததாக இருந்தால் தொடரலாமா என்று நேராகவே சொல்கிறேன். மூன்ஸ்டோனை எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: நடுவில் மிஸ் கிளாக் என்ற பெண்மணி பிரசங்கம் பிரசங்கமாகக் கதை சொல்லும் பகுதி கொஞ்சம் இழுக்கும். அங்கே கீழே வைத்துவிடாதீர்கள், ரோசன்னாவின் கடிதம் அதற்குப் பிறகுதான் வருகிறது.