கரடி ஏன் பழிவாங்க வேண்டும்?

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு ஊர் கடையம் பக்கம். மலையிலிருந்து இறங்கி வரும் கரடி ஒன்று தானே சொல்வதுபோல் கதை எழுதியிருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். காட்டை அழித்தவனைத் தேடி வந்து அது பழிவாங்குகிறது. படித்த நண்பன், 'கரடி மனசுல என்ன ஓடுதுன்னு உனக்கு எப்படிடே தெரியும்? மனுஷனைப் பத்தி எழுது' என்கிறான். மிருகத்தின் பார்வையில் எழுதுவதே தப்பா?

அன்புள்ள தம்பி,

தப்பே இல்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் குடியிருக்கிற நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? ஆனால் உங்கள் கதையில் கரடி இல்லை. கரடித்தோல் போர்த்திய கோபக்கார இளைஞன் ஒருவன்தான் இருக்கிறான். முதல் பத்தியிலேயே பொத்தை மேல் நின்று ஊர் விளக்குகளை எண்ணுகிறான். கரடிக்குப் பார்வை மந்தம். மூக்கை நம்பி வாழ்கிற பிராணி அது.

அது கறையான் தின்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தால் புற்றைப் பிளக்கும். மண்ணை ஊதித் தள்ளும். பிறகு மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, உதட்டைக் குவித்து உறிஞ்சும். மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையான் உள்ளே போகிறது. உறிஞ்சுகிற சத்தம் நூறு மீட்டர் தாண்டியும் கேட்கும். அந்த மும்முரத்தில் பக்கத்தில் ஆள் வந்தால்கூடத் தெரியாமல் போகும்.

உங்கள் கதை இங்கேதான் இருக்கிறது. ஆனி, ஆடியில் நம் பக்கம் மேல்காற்று அடிக்கிற அடி உங்களுக்கே தெரியும். கிழக்கே இறங்கும் கரடிக்கு அந்தக் காற்று முதுகுப்பக்கம். விளையில் தண்ணீர் பாய்ச்ச வந்தவனின் ஆள்வாடை அதற்கு எட்டாது. இரைச்சலில் காலடியும் கேட்காது. முதுகில் குட்டி வேறு. பத்தடியில் திடீரென்று ஒரு மனிதன். பயத்தில் பாய்கிறது.

கரடி தாக்கி முகம் சிதைந்தவர்கள் மலையடிவார ஊர்களில் உண்டு. பழிவாங்கியது என்று எழுதினால், அடிபட்டவர் ஏதோ குற்றம் செய்தவர் என்றாகிவிடும். அதை என்னால் ஏற்கவே முடியாது. கடன்வாங்கி வாழை வைத்தவர் அவர்.

கரடி 'நான்' என்று சொல்லலாம். தாராளமாகத் தமிழில் பேசட்டும். 'அநியாயம்', 'மனித இனம்' என்ற சொற்கள் மட்டும் அதன் வாயில் வேண்டாம். அந்தப் பத்தடி தூரத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.