ஆறு இறங்கும் பக்கம் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்கள் டான்யூப் சைக்கிள் பயணக் கட்டுரையைப் படித்துத்தான் எனக்கும் என் தம்பிக்கும் இந்த ஆசையே வந்தது. "ஆறு இறங்கும் பக்கம் நாமும் இறங்கினால் போதும், சைக்கிள் தானாகப் போகும்" என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, பிரான்ஸில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனபோது ஒத்திகை மாதிரி லுவார் ஆற்றங்கரையில் ஓர்லியானிலிருந்து தூர் வரை மூன்று நாள் ஓட்டிப் பார்த்தோம். ஆறு போகும் திசையில்தான் போனோம். சைக்கிள் தானாகவெல்லாம் போகவில்லை சார். மூன்றாம் நாள் அம்புவாஸில் தம்பி சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, "உன் எழுத்தாளர் என் கையில கெடைக்கட்டும்க்கா" என்றான்.

எனக்கு வயது 55, அவனுக்கு 50. டான்யூப் போகும் எண்ணத்தை இன்னும் விடவில்லை. ஜெர்மனியின் பாசாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னாவா, வியன்னாவிலிருந்து பாசாவா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைத்துக்கொள்வது? எந்தக் கரை நல்லது? இந்த முறை கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

தம்பியின் கோபம் நியாயம்தான். அந்த வரியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படிக்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நிற்கவில்லை.

பாசாவிலிருந்து வியன்னா வரை கரைப்பாதை சுமார் 320 கிலோமீட்டர். இவ்வளவு தூரத்தில் ஆறு இறங்குவது ஏறத்தாழ 140 மீட்டர். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு முழங்கால் உயரம்கூட இல்லை. தண்ணீருக்கு அது போதும். சைக்கிளுக்கு உறைக்கவே உறைக்காது. டயர் தரையில் உருளும்போது பிடித்து இழுக்கிறதே, அந்த இழுவையே இந்தச் சரிவு தரும் உதவியைப் போல் பத்து மடங்காவது இருக்கும். போதாததற்கு வழி நெடுக மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். ஆறு பெரும்பாலும் ஏரி ஏரியாகத் தேங்கி நின்று, அணைக்கு அணை படியிறங்குகிறது. நடுவில் ஓட்டுகிறவர் சமதரையில்தான் ஓட்டுகிறார்.

அப்படியானால் எனக்கு மட்டும் எப்படித் தானாகப் போயிற்று? காற்று. அந்தப் பக்கங்களில் பெரும்பாலான நாட்கள் மேற்கிலிருந்துதான் காற்று. டான்யூப் கிழக்கே ஓடுகிறது, நானும் கிழக்கே போனேன். முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று, நான் அதை ஆற்றின் பேரில் வரவு வைத்துவிட்டேன். லுவார் நேர்மாறு, அட்லாண்டிக்கைப் பார்த்து மேற்கே ஓடுகிறது. ஆற்றோடு போன நீங்கள் மூன்று நாளும் காற்றின் முகத்தில் முட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். விவரம் தெரிந்தவர்கள் லுவாரைக் கடல் பக்கமிருந்து தொடங்கி ஆற்றுக்கு எதிராகத்தான் ஓட்டுவார்கள்.

பின்காற்றில் ஒரு சங்கதி: அது இருப்பதே தெரியாது. காற்றின் வேகமும் நம் வேகமும் ஒன்றாகிவிட்டால் காதில் இரைச்சலே இருக்காது. செயின் பல்சக்கரத்தில் உட்கார்ந்து எழும் சின்னச் சத்தம்கூடக் கேட்கும். 'இன்று நமக்கு உடம்பு நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். மெல்க் ஊருக்கு முன்னால் எதிர்த்திசையில் ஒரு தம்பதி வந்தது ஞாபகம் வருகிறது. முழங்கையை ஹேண்டில்பாரில் ஊன்றி, தலையைக் குனிந்து, இவர் பின்சக்கரத்தை ஒட்டி அவர். நான் உற்சாகமாகக் கையாட்டினேன். இருவரும் கையை எடுக்கவில்லை. சிடுமூஞ்சிகள் என்று நினைத்துக்கொண்டேன், மன்னிக்கட்டும். மணிக்கு 18 கிலோமீட்டரில் போகிறவருக்கு எதிரே அதே 18 வேகத்தில் காற்று வந்தால், அசையாத காற்றில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு எதிர்ப்பு. கையாட்ட எங்கிருந்து தெம்பு வரும்?

ஆக, பாசாவிலிருந்து வியன்னாவுக்கே போங்கள். பழைய பதில்தான், காரணம் வேறு. கிழக்குக் காற்று அடிக்கும் நாளும் உண்டு. அன்று வீராப்பு வேண்டாம். வழியில் பல ஊர்களில் ரயில் கிடைக்கும், சைக்கிளை ஏற்றிக்கொள்ளும்.

இதையும் சூத்திரமாக எடுத்துக்கொண்டு வேறு பள்ளத்தாக்கில் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். உயர்ந்த மலைகளுக்கு நடுவே காற்று கடிகாரம் பார்த்து அடிக்கும். வெயில் ஏறி மலைச்சரிவு சூடானதும் காற்று கீழிருந்து மேலே பள்ளத்தாக்கு வழியாக ஏறத் தொடங்கும். நேபாளத்தின் காளி கண்டகியில் முற்பகலுக்கு மேல் கீழ்நோக்கி வருகிறவர்கள், நல்ல இறக்கத்திலும் மிதித்துத்தான் ஆக வேண்டும். அங்கே விடியற்காலையில் கிளம்பி, காற்று எழும் முன் ஊர் சேர்ந்துவிடுவதுதான் வழி.

தூரம்: ஒரு நாளைக்கு 45, 50 கிலோமீட்டர் போதும், ஏழெட்டு நாளில் முடிந்துவிடும். தினம் 80 போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எதையும் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

கரை விஷயம்தான் உண்மையில் யோசிக்க வேண்டியது. பாசாவைத் தாண்டி ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு கருங்கல் மலையில் மோதி அப்படியே திரும்பிக்கொள்கிறது. அங்கே வடகரையில் போனால் பாதை காட்டுச் சரிவில் முடிந்துவிடும். படகில்தான் தொடர வேண்டும். தென்கரையில் பாதை அறுபடாமல் போகிறது. படகுக்காரர் இருக்கும் பருவமாக இருந்தால் நான் வடகரையையே சொல்வேன், எனக்குப் படகு பிடிக்கும் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. லின்ஸ் நகரத்தை ஒட்டி ஒன்றும் விசேஷமில்லை, மிதித்துக் கடந்துவிடுங்கள்.

வாக்காவ் பள்ளத்தாக்கில், மெல்கிலிருந்து கிரெம்ஸ் வரை 36 கிலோமீட்டருக்கு, இரண்டு நாள் ஒதுக்குங்கள். 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம். வடகரையில் பழைய ஊர்களும் திராட்சைப் படிக்கட்டுத் தோட்டங்களும், கூடவே கார்களும். தென்கரை அமைதி. நடுவில் ஷ்பிட்ஸில் மாறிக்கொள்ளலாம். அங்கே உள்ள ஓடத்துக்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் குறுக்கே உயரத்தில் ஒரு கம்பி. அதிலிருந்து தொங்கும் கயிற்றில் ஓடத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஓடக்காரர் சுக்கானைத் திருப்பி ஓடத்தைச் சற்றே சாய்வாக நிறுத்துகிறார். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ள, கம்பியில் கப்பி உருள, ஓடம் அக்கரைக்கு நகர்கிறது. தண்ணீர் பலகையில் மோதும் சளசளப்பு மட்டும்தான். இந்தப் பகுதியில் அணை இல்லாமல் ஆறு தன் போக்கில் ஓடுவதால்தான் இது நடக்கிறது. ஆறு உங்களைத் தானாகக் கொண்டுபோகும் இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்த ஓடம்தான், அதுவும் குறுக்கே.

அப்புறம், கரையோரக் கிலோமீட்டர் பலகைகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டான்யூபில் முகத்துவாரத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுவார்கள். பாசாவில் 2,200ஐத் தாண்டி இருக்கும் எண், வியன்னாவில் 1,900 சொச்சத்துக்கு இறங்கியிருக்கும்.

பழைய கட்டுரையில் அந்த வரியைத் திருத்திவிட்டேன். தம்பியிடம் காட்டுங்கள்.

அன்புடன்