ஒரே விபத்துக்கு இரண்டு பேர் போன வீடு: ஆஸ்பத்திரியா, பொலிஸா? கேள்வி பதில்

நான் 31 வருசம் தாதிய உத்தியோகத்தராக இருந்து இளைப்பாறியவள். கடைசி 14 வருசமும் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவில். வீட்டுக்காரர் பொலிஸ் சார்ஜனாக இருந்து பென்சன் எடுத்தவர். இரண்டு பேருக்கும் ஒரே நாள் நைட் விழுந்து, ஒரே விபத்தை இரண்டு பக்கமும் நின்று பார்த்ததுண்டு. அவர் வீதியில் டோர்ச்சும் அளவு நாடாவுமாக நிற்பார். நான் தொடை எலும்பு முறிந்து வந்தவனின் களுசானைக் கத்தரித்துக்கொண்டிருப்பேன். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடிவு வந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து கேட்பார்கள். இந்த முறை எழுதித் தரச் சொன்னேன். பெயர்களை எடுத்துவிட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

செங்கலடி, பயோ படித்த மாணவி: மிஸ், இசட் ஸ்கோர் மெடிசினுக்குக் காணாது போல இருக்கு. இன்னொருக்கா எழுதவா, நேர்சிங் போடவா, இல்லாட்டி பொலிஸில எஸ்.ஐ.க்குப் போடவா? எஸ்.ஐ. எண்டாத்தான் மதிப்பு எண்டு மாமா நிக்கிறார்.

மாமா கொஞ்சம் பொறுக்கட்டும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர் வெட்டுப்புள்ளி வரும் முன்னே "காணாது" என்று முடிவு கட்டாதேங்க மகள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் முழு நாட்டுக்கும் பொதுவான தரவரிசைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. கொழும்புப் பிள்ளைக்கு இடம் கிடைக்காத புள்ளிக்கு எங்கட பிள்ளைக்குக் கிடைப்பது இதனால்தான். பரீட்சையும் மூன்று முறை எழுதலாம். மருத்துவம் தவறினாலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு பீடத்தில் தாதியியல் பட்டம் இருக்கிறது, 4 வருசம். அதுவும் இல்லையென்றால் அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரி, 3 வருசம், படிக்கும்போதே மாதக் கொடுப்பனவு.

இது பாதையைப் பற்றியது. எது உங்களுக்கு ஒத்துவரும் என்பது வேறு கதை. அவசர சிகிச்சைப் பிரிவில் (ஈ.ரி.யூ.) வேலை செய்கிறவருக்கு ஒரு நோயாளி அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம்தான் சொந்தம். மூச்சைப் பார்த்து, இரத்த ஓட்டத்தைப் பார்த்து, சேலைன் ஏற்றி, தியேட்டருக்கோ வார்டுக்கோ ஏற்றிவிட்டால் முடிந்தது. பிறகு அவர் நடந்தாரா, இல்லையா என்பது பல நேரம் தெரியவே வராது. பொலிஸில் நேர்மாறு. வாக்குமூலம் எழுதின அன்றிலிருந்து அந்த வழக்கு உங்கட முதுகில். எங்கட வீட்டுக்காரர் வேறு மாவட்டத்துக்கு மாறிப்போய் வருசக்கணக்கான பிறகும், களவுபோன ஒரு தண்ணி மோட்டருக்குச் சாட்சி சொல்ல விடியப்புறம் பஸ் ஏறி கோட்டுக்கு வருவார். மோட்டர்க்காரர் அந்த நேரம் வேறு மோட்டர் வாங்கி அதுவும் பழசாகியிருக்கும்.

முடிவு தெரியாமல் விட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க உங்களால் முடியுமா? அல்லது ஒன்றை ஐந்து வருசம் இழுத்துக்கொண்டு போக முடியுமா? இதைத்தான் நான் எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன். தைரியத்தைப் பற்றிக் கேட்பதில்லை. அது இரண்டிலும் பழக்கத்தில் வரும்.

சம்மாந்துறை, ஆர்ட்ஸ் மாணவன்: அஸ்ஸலாமு அலைக்கும் மிஸ். எனக்கு அம்புலன்ஸில வேலை செய்யத்தான் விருப்பம். ஆர்ட்ஸ் செய்ததால வழி அடைஞ்சு போச்சா? வாப்பா பொலிஸுக்குப் போடச் சொல்றார்.

வஅலைக்கும் ஸலாம் மகன். மருத்துவம் உங்களுக்குச் சரிவராது, அதை மறைத்துப் பயனில்லை. அது விஞ்ஞானம் படித்தவர்களுக்கு. அரசாங்க நேர்சிங்கும் பெரும்பாலும் அப்படித்தான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸ் தனிக் கதை. இந்திய உதவியோடு 2016 இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்க வந்தது. 2018 இல் தனிச் சட்டத்தின் கீழ் அதற்கு ஒரு மன்றம் அமைத்தார்கள். வண்டியில் இரண்டு பேர்: அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர், சாரதி ஒருவர். ஆள் எடுக்கும்போது எந்தத் தகுதி கேட்கிறார்கள் என்று விளம்பரத்தை வரிக்கு வரி வாசியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பவேண்டாம்.

பொலிஸில் படித்த பிரிவு பிரச்சினை இல்லை. ஓ.எல். (சாதாரண தர) தகுதிக்குக் கான்ஸ்டபிள், ஏ.எல். தகுதிக்கு உப பொலிஸ் பரிசோதகர் (எஸ்.ஐ.), பட்டம் இருந்து போட்டிப் பரீட்சையும் தாண்டினால் உதவி பொலிஸ் அத்தியட்சகர். உயரம், நெஞ்சளவு, கண்பார்வை எல்லாம் பார்ப்பார்கள். கெசட்டில் (அரச வர்த்தமானியில்) இருக்கும் அளவைப் பார்த்து வீட்டிலேயே சுவரில் கோடு போட்டு அளந்துவிட்டுப் போங்கள். கால் அங்குலத்தால் திரும்பி வந்து அழுத பிள்ளையை எனக்குத் தெரியும்.

அதுவரைக்கும் செஞ்சிலுவைச் சங்கத்திலோ சென். ஜோன் அம்புலன்ஸிலோ முதலுதவி படியுங்கள். அம்புலன்ஸ் ஆசை சைரன் சத்தத்திலா, ஆளைத் தூக்குவதிலா என்பது அங்கே இரண்டு கிழமையில் தெரிந்துவிடும்.

பெரியகல்லாறு, ஒரு தாய்: தங்கச்சி, என்ட மூத்தவன் பொலிஸுக்குப் போகப் போறன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான். எனக்குச் சோறு தண்ணி இறங்குதில்ல. அவனுக்கு எப்பிடிச் சொல்றது?

அக்கா, உங்கட பயத்தைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். 1990 ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாரைப் புலிகள் கொன்றதும் எங்கட கண்முன் நடந்ததுதான். சுற்றிவளைப்பில் கூட்டிப்போன பிள்ளைகள் திரும்பாததும் எங்கட கண்முன் நடந்ததுதான். காக்கிச் சட்டையைக் கண்டால் வயிறு கலங்குகிற தலைமுறை நாங்கள். எங்கட கல்யாணத்துக்கு என் அம்மா மூன்று மாதம் சம்மதிக்கவில்லை.

ஆனால் மகனிடம் அந்தக் கதையை மட்டும் சொல்லி மறிக்காதேங்க. ஒரு கிழவி காணிப் பிணக்கோடு பொலிஸுக்குப் போனால், அவ சொல்கிறதைத் தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே எழுத ஒரு ஆள் வேணும். எழுதினதை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கவேண்டும். விளங்காத மொழியில் எழுதினதுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வந்த சனத்தை வீட்டுக்காரர் எவ்வளவோ கண்டிருக்கிறார். மகனிடம் கேட்கவேண்டியது வேறு: சிங்களம் படிக்கத் தயாரா? வெளிமாவட்டத்தில் கிடக்கத் தயாரா? தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வீட்டில் நிற்க ஏலாது, சனம் கூடுகிற நாளில்தான் பொலிஸுக்கு வேலை. இதற்கெல்லாம் "ஓம்" என்றால் விடுங்கள் அக்கா.

அக்கரைப்பற்று: அவசர சிகிச்சை எண்டா படத்தில வாற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கவேணுமா? நான் கொஞ்சம் ஆறுதலான ஆள்.

ஆறுதலான ஆள்தான் வேணும். வேளாண்மை வெட்டுக் காலத்தில் எங்களுக்கு வந்த ஆட்களில் பாதிப்பேர் வயலில் கடிபட்டவர்கள். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். அதைப் பிடிக்க பெரிய மிசின் தேவையில்லை. காய்ந்த, சுத்தமான ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிசம் வைப்பது. பிறகு ஒருமுறை சரிப்பது. உறைந்திருந்தால் நல்லம், தண்ணி மாதிரி ஓடினால் விச முறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாய் உதவாது, கண்ணாடியே வேணும். அந்த 20 நிமிசமும் கட்டிலைச் சுற்றி மாமன் மச்சான் எல்லாம் "ஏன் இன்னும் ஊசி போடல்ல" என்று கத்துவார்கள். இடையில் குழாயை எடுத்து ஆட்டிப் பார்த்தால் சோதனையே பழுது. மருந்து ஏற்றினாலும் சும்மா இருக்க ஏலாது. அதுவே சிலருக்கு ஒவ்வாமையாகி மூச்சை அடைக்கும், அட்ரினலினைக் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கவேண்டும்.

கத்துகிற சனத்துக்கு நடுவில் ஒரு குழாயைத் தொடாமல் நிற்பதுதான் எனக்குத் தெரிந்த அவசர சிகிச்சை. ஓடுவது அற்றெண்டன்மார்.

வாழைச்சேனை: அன்ரி, ரத்தத்தைக் கண்டா தலை சுத்துது. அதால பொலிஸ்தான் எனக்குச் சரி எண்டு நினைக்கிறன்.

எங்கட வீட்டில் மயங்கி விழுந்தது நானில்லை, பொலிஸ்காரர். புதுசில் ஒரு பிரேத பரிசோதனைக்குக் காவல் நின்றவர், கதவு நிலையைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். தூக்கில் தொங்கினவர், ஆற்றில் மிதந்தவர், ரயிலில் அடிபட்டவர் என்று பார்த்தால், அம்புலன்ஸுக்கு முதல் பெரும்பாலும் பொலிஸ்தான் பக்கத்தில் நிற்கும். இரத்தத்துக்குப் பயந்து பொலிஸுக்குப் போகிறது, மழைக்குப் பயந்து வாவிக்குள் குதித்த கதை.

மட்டக்களப்பு, மருத்துவ மாணவன்: கடைசி வருசம். அவசர மருத்துவத்தில் விசேட நிபுணராக விருப்பம். அதே நேரம் குற்ற விசாரணையிலும் ஈடுபாடு. இரண்டையும் இணைக்க முடியுமா சிஸ்டர்?

இரண்டு வேலைக்கும் நடுவில் ஒரு கதிரை ஏற்கெனவே இருக்கிறது தம்பி. சட்ட வைத்திய அதிகாரி, அதாவது காயத்தையும் சாவையும் பரிசோதித்துக் கோட்டுக்கு அறிக்கை எழுதுகிற டொக்டர். உள்ளகப் பயிற்சி ஒரு வருசம் முடித்து, மருத்துவ சபையில் பதிந்து, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் அவசர மருத்துவமும் படிக்கலாம், சட்ட மருத்துவமும் படிக்கலாம். சட்ட வைத்திய அதிகாரி என்றால் பிரேதம் மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. உயிரோடு வருகிறவர்கள்தான் கூட.

ஒன்று சொல்கிறேன். "படியில விழுந்துட்டன்" என்று ஒரு பெண் வருவா. காயம் முன்கையின் வெளிப்பக்கம். விழுகிறவர் உள்ளங்கையை ஊன்றுவார், அடியை மறிக்கிறவர்தான் முன்கையைத் தூக்குவார். புருசன் கட்டிலை விட்டு நகரமாட்டான். நான் செய்வது: எக்ஸ்ரே என்று சொல்லி அவவைத் தனியே கூட்டிப்போவது. அவ வாய் திறந்தால் டொக்டரிடம் சொல்லி, ஆஸ்பத்திரிப் பொலிஸ் காவலறைக்கு அறிவித்து, சட்ட வைத்தியப் படிவத்தில் காயத்தின் நீளம், நிறம், இடம் எல்லாம் எழுதுவிப்பது. ஆறு மாதத்தில் காயம் ஆறிவிடும், தழும்பும் இராது, கோட்டில் பேசப்போவது அந்தத் தாள்தான். டொக்டர்மார் கிறுக்குகிற மாதிரி அதை எழுதினால் அவவின் வழக்கு அங்கேயே செத்தது. உங்கட கையெழுத்து எப்படித் தம்பி?

திருக்கோவில்: அக்கா, பெண் பிள்ளைக்குப் பொலிஸ் சரிவருமா? எனக்குக் கல்யாணமும் பேசியிருக்கு.

பேச்சை முதலில் நிறுத்திவையுங்கள், அல்லது பொலிஸை நிறுத்திவையுங்கள். சேரும்போது திருமணமாகாதவராக இருக்கவேண்டும் என்று பொதுவாகக் கெசட்டில் கேட்பார்கள். மற்றபடி, பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பணியகம் இருக்கிறது. அங்கே தமிழ் பேசுகிற ஒரு பெண் இருந்தால் எங்கட ஊர்ப் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். அந்த ஒரு வேலைக்காகவே நான் உங்களைப் போகச் சொல்வேன். கல்லடியிலேயே பொலிஸ் பயிற்சிப் பாடசாலை இருக்கிறது, ஆனால் உங்களை அங்கேதான் விடுவார்கள் என்று நம்பிப் போகவேண்டாம்.

கல்முனை: எதில காசு கூட?

டொக்டர் என்றால் ஆஸ்பத்திரி. மற்றப்படி இரண்டு பக்கமும் அடிப்படைச் சம்பளத்தை விட ஓ.ரி.யும் படியும்தான் மாதத்தைக் கொண்டுபோகும். பென்சன் உண்டு. ஒரு வித்தியாசம்: சம்பளம் போதாது என்று நேர்ஸ்மார் வேலைநிறுத்தம் செய்யலாம், பொலிஸுக்குத் தொழிற்சங்கமே கிடையாது.

ஏறாவூர்: மிஸ், மனசில நிக்கிற நாள்? அதுக்குப் பிறகு எப்பிடி அடுத்த நாள் வேலைக்குப் போனீங்க?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் தற்கொலைக் குண்டு வெடித்த நாள். பிள்ளைகளுக்கு அன்றைக்குப் புதுச் சட்டை. எரிந்த சட்டையைக் கத்தரிக்கும்போது ஒரு பிள்ளை "புதுசு, வெட்டாதீங்க" என்றது. வெட்டினேன். அன்றைக்கு வந்தவர்களுக்கு நிற அட்டை கட்டி ஒழுங்குபடுத்தினது நினைவிருக்கு: சிவப்பு முதல், மஞ்சள் பிறகு, பச்சை காத்திருக்கலாம். கத்துகிற பிள்ளை மூச்சு விடுகிறது, கத்தாத பிள்ளையிடம் முதல் போ என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததை அன்று கை தானாகச் செய்தது.

அடுத்த நாள் போனது எப்படி என்று தெரியாது. டியூட்டி போட்டிருந்தது, போனேன். வீட்டுக்காரர் அப்போது பென்சன் எடுத்துவிட்டார். அவர்தான் மூன்று நாள் சமைத்தார், ஒன்றும் கேட்கவில்லை. பேசவேண்டிய நேரம் வந்தபோது மனநலப் பிரிவு டொக்டரிடம் போனேன். அதைச் சொல்ல வெட்கப்படவேண்டிய வேலைகள் இல்லை இரண்டும்.

ஆரையம்பதி: உங்கட பிள்ளைகள் எந்த வேலையைத் தெரிவு செஞ்சாங்க?

மகள் ஆங்கில டீச்சர். மகன் ஒரு வங்கியில். ராத்திரி ஒன்பதரைக்கு போனை சைலண்டில் போட்டுவிட்டு விடியும்வரை அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொள்கிறான். அவனுடைய அப்பா இன்றைக்கும் அந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.