விடை கிடைக்காத மர்மங்களில் உங்களை அதிகம் பாதித்தது எது?

ஜிம் தாம்சன். பாங்காக் போய் வந்தவர்கள் வீட்டில் இந்தப் பெயர் போட்ட பட்டு ஸ்கார்ஃபோ கைப்பையோ ஒன்று இருக்கும். அந்தப் பெயருக்குரிய மனிதர் 1967-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடக்கப் போனவர்தான், திரும்பி வரவேயில்லை.

நான் பெங்களூரு சிக்பேட்டையில் பட்டு வியாபாரம் செய்கிறேன், அப்பா ஆரணியில் தறியில் உட்கார்ந்தவர். அதனால் இந்தக் கதையில் எல்லோரும் பேசும் மர்மத்தைவிட அதற்கு முந்தின இருபது வருடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தாம்சன் அமெரிக்காவில் 1906-ல் பிறந்து கட்டடக்கலை படித்தவர், போர்க்காலத்தில் ஓ.எஸ்.எஸ். என்ற உளவுத் துறையில் இருந்தார். 1945-ல் பாங்காக் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது தாய்லாந்தில் கைத்தறிப் பட்டு கிட்டத்தட்ட படுத்துப்போயிருந்தது. பான் க்ருவா என்ற கால்வாயோர முஸ்லிம் குடியிருப்பில் சில வீடுகளில் மட்டும் நெய்துகொண்டிருந்தார்கள். அவர்களிடம் வாங்கிய துணிகளை 1947-ல் நியூயார்க்குக்குக் கொண்டுபோய் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகையின் ஆசிரியரிடம் காட்டினார், அங்கிருந்து பிடித்தது வேகம். 1951-ல் சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) அரசரைப் பற்றி நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் வந்த இசை நாடகத்தின் உடைகளுக்கும் இவருடைய பட்டுதான் போனது.

சாயம் போகாத தரமான வண்ணங்களைக் கொண்டுவந்தார். இது சின்ன விஷயம் இல்லைங்க. நான் கடை ஆரம்பித்த வருடம் அரக்குக் கலரில் வாங்கிய ஒரு லாட் முழுக்க முதல் அலசலிலேயே சாயம் விட்டு, வாங்கினவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து நின்றார்கள், அந்தக் கெட்ட பெயரைச் சரிசெய்ய எனக்கு இரண்டு தீபாவளி ஆனது.

அதைவிட முக்கியமானது, நெசவாளர்களைத் தொழிற்சாலைக்கு இழுக்காமல் வீட்டிலேயே நெய்யவிட்டார், கம்பெனியில் பங்கும் கொடுத்தார். முதலாளி கொடுக்கும் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீள நூலை, வாங்கி, நெய்து, கூலியை எண்ணிப் பார்த்துவிட்டு வரும் வழக்கத்தில் வளர்ந்த அப்பாவுக்கு இதை நான் சொன்னபோது நம்பிக்கையே வரவில்லை, "பங்கா? நெசவு போடறவனுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

சரி, காணாமல் போன கதை. 1967 மார்ச் 26, ஈஸ்டர். மலேசியாவின் கேமரன் மலையில் நண்பர்களின் பங்களாவுக்குப் போயிருந்தார், வயது 61. மதியம் எல்லோரும் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது தனியாக வெளியே நடந்திருக்கிறார், சிகரெட்டைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலைதான் அது. போலீஸ், ராணுவம், காட்டை உள்ளங்கைபோல அறிந்த ஓராங் அஸ்லி பழங்குடியினர் என்று எல்லோரும் தேடினார்கள், குறிசொல்பவர்களைக்கூட வைத்துப் பார்த்தார்கள். ஒரு துண்டுத் துணி கிடைக்கவில்லை. 1974-ல் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தார்கள்.

புலி அடித்தது, கடத்திவிட்டார்கள், உளவு வேலை என்று ஏகப்பட்ட ஊகங்கள். லாரியில் அடிபட்டு, பயந்துபோன டிரைவர் உடலைப் புதைத்திருப்பார் என்பதுதான் எனக்கு ஓரளவு நம்பும்படி இருக்கிறது. ஆனால் அதே வருடம் ஆகஸ்டில் அமெரிக்காவில் அவருடைய சகோதரி தன் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார், அதற்கும் இன்றுவரை ஆள் அகப்படவில்லை. அதைப் படித்த பிறகு எதையும் உறுதியாகச் சொல்ல நாக்கு எழவில்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்லி முடித்ததும், யார் கொன்றிருப்பார்கள் என்று அவர் கேட்கவேயில்லை. "அப்புறம் அந்த நெசவுக்காரங்களுக்குப் பாவு யார் கொடுத்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை, தேடிப் படித்துத்தான் சொன்னேன். கம்பெனி நிற்கவில்லை, பெரிதாக வளர்ந்தது, ஆனால் நெசவு பாக் தோங் சாய் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலைக்குப் போய்விட்டது. பாங்காக்கில் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஆறு பழைய தேக்கு வீடுகளைச் சேர்த்து அவர் கட்டிய வீடு மியூசியமாக நிற்கிறது, எதிர்க்கரையில் பான் க்ருவாவில் இப்போது தறி ஓடுவது விரல்விட்டு எண்ணும் வீடுகளில்தான்.