லவுட்னஸைத் தாண்டி: ஜப்பானிய மெட்டல் கேள்வி-பதில்

கேள்வி: லவுட்னஸ், எக்ஸ் ஜப்பான், பேபிமெட்டல் மூன்றும் கேட்டாச்சு. அடுத்து என்ன?

பதில்: இன்னும் வாசலையே தாண்டவில்லை நீங்கள். டெட் எண்டின் 'கோஸ்ட் ஆஃப் ரொமான்ஸ்' (1987) கேளுங்கள். பின்னால் வந்த விஷுவல் கேய் (ஆடம்பர ஒப்பனை, உடையோடு மேடையேறும் ஜப்பானிய ராக் பாணி) பாடகர்களில் பாதிப் பேர் இந்தக் குழுவின் பாடகர் மோரியிடம் பாடம் படித்தவர்கள் என்பது புரியும். அப்புறம் நகோயாவின் அவுட்ரேஜ்: 'தி ஃபைனல் டே' (1991), தயாரிப்பு ஜெர்மன் மெட்டல் குழு அக்செப்ட்டின் ட்ரம்மர் ஸ்டீஃபன் காஃப்மன். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: சப்பாத் சிடி வாங்கினேன். ஜப்பான் பேண்ட் மாதிரியே இல்லையே?

பதில்: எப்படி இருக்கும்? நீங்கள் வாங்கியது அதே பெயரில் இருக்கும் இங்கிலாந்து சப்பாத் (பிளாக் சப்பாத் அல்ல). ஜப்பானிய சப்பாத்தின் முதல் முழு ஆல்பம் 'என்வெனம்' (1991). 'டூம்' என்ற பெயரிலும் இங்கிலாந்தில் ஒன்று, ஜப்பானில் ஒன்று உண்டு. ஃப்ரெட்லெஸ் பேஸ் (கழுத்தில் கட்டைக் கம்பிகள் இல்லாத பேஸ் கிட்டார்) வழுக்கிக்கொண்டு ஓடும் 'நோ மோர் பெயின்' (1987) ஜப்பான்காரர்களுடையது. பெயரை மட்டும் தட்டி ஆர்டர் போடாதீர்கள். கேடலாக் எண்ணை (லேபிள் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தரும் எண்) பாருங்கள். எத்தனை முறைதான் சொல்வது!

கேள்வி: ஜப்பானிய மொழியில் பாடினால் மனதில் ஒட்டவில்லை. ஆங்கிலத்தில் பாடிய நல்ல ஆல்பங்கள் சொல்லுங்களேன்.

பதில்: நார்வேக்காரன் அவன் மொழியில் உறுமினால் யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஜப்பான்காரன் பாடினால் மட்டும் மொழி குறுக்கே வந்துவிடுகிறது. நல்ல ஆல்பங்கள் தூசி படிந்து கிடப்பதற்கு இந்த மனப்பான்மையே பாதிக் காரணம். 1985இல் லவுட்னஸின் 'தண்டர் இன் தி ஈஸ்ட்' அமெரிக்க பில்போர்டின் முதல் 100க்குள் நுழைந்தது. அந்தக் கதவு திறந்ததும் ஆங்கிலத்தில் பாடினால்தான் பிழைப்பு என்றாகிவிட்டது.

ஃப்ளாட்பேக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். சப்போரோவிலிருந்து வந்த நால்வர். 1985இல் ஒன்று, 86இல் 'எசா' என்று இரண்டே ஆல்பங்கள். பாடகர் மசாகி யமடா பாடுவதில்லை, ஜப்பானிய அசைகளைக் கடித்துத் துப்புகிறார். 1987இல் அதே ஆட்கள் ஈ.இஸட்.ஓ. என்று பெயர் மாற்றி, கெஃபன் லேபிளில், கிஸ் குழுவின் ஜீன் சிமன்ஸ் தயாரிப்பில், ஆங்கிலத்தில் பாடினார்கள். மோசமில்லை, ஆனால் அந்த வெறி எங்கே? இன்னொரு ஆல்பத்தோடு அதுவும் முடிந்தது. யமடா லவுட்னஸுக்குப் போய்விட்டார். வெளிநாட்டில் விசாரித்தால் கெஃபன் ஆல்பத்தைத்தான் சொல்வார்கள், 'எசா'வை எவரும் சொல்வதில்லை.

சந்தேகம் இருந்தால் லவுட்னஸின் 'டிஸ்இல்யூஷன்' ஆல்பத்தை இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடகர் மினோரு நீஹாரா எதில் மூச்சு விட்டுப் பாடுகிறார் என்பது பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். வாவ் வாவ் குழுவிலும் லண்டனுக்குக் குடிபோகும் முன்பு செய்த 'சைக்ளோன்' (1985)தான் என் தேர்வு.

கேள்வி: ஓபி (ஜப்பானிய ஆல்பங்களின் உறைமேல் சுற்றியிருக்கும் காகிதப் பட்டை) இல்லாத பிரதியை வாங்கலாமா?

பதில்: கேட்கத்தானே வாங்குகிறீர்கள்? பாதி விலைக்குத் தந்தால் வாங்குங்கள். ஓபி இருந்தால் ஒரு லாபம், அதில் விலை அச்சாகியிருக்கும். வரிப் பேச்சே இல்லாமல் 3,200 யென் என்று மொட்டையாக இருந்தால் அநேகமாக 80களின் பதிப்பு. வரியோடு சேர்த்து 3,008 என்று உடைந்த எண் இருந்தால், 1989 ஏப்ரலில் 3% நுகர்வு வரி வந்தபின் அச்சிட்டது. 86ஆம் வருஷத்து முதல் பதிப்பு என்று சாதிக்கும் விற்பனையாளரின் வாயை இதை வைத்தே அடைக்கலாம். கேடலாக் எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: ரீமாஸ்டர் (பழைய ஒலிப்பதிவை மெருகேற்றி மறுபடி போடும் பதிப்பு) நல்லதா?

பதில்: பழைய பிரதி கிடைத்தால் அதுவே போதும். ரீமாஸ்டரில் பெரும்பாலும் சத்தம்தான் கூடுகிறது.

கேள்வி: பெண் குரலில் ஏதாவது?

பதில்: இங்கிலாந்து ராக் குழு ரெயின்போ பிடிக்குமென்றால் டெர்ரா ரோசாவின் 'தி எண்ட்லெஸ் பேசிஸ்' (1987). மாரி ஹமாடாவின் முதல் ஆல்பம் 'லுனாடிக் டால்' (1983) லவுட்னஸ் ட்ரம்மர் முனெடாகா ஹிகுச்சி தயாரித்தது. ஹமாடாவின் பின்னாளைய பாப் பாடல்களை மட்டும் கேட்டவர்கள் இதைக் கேட்டால் அசந்துபோவார்கள்.

கேள்வி: ரொம்ப அரிதான எல்பி ஒன்று 40,000 யென் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

பதில்: எந்த பேண்ட், எந்த வருஷம், எந்த லேபிள்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன ஜோசியரா? அரிது என்பதற்காக ஆல்பம் நல்லதாகிவிடாது; 500 பிரதி போட்டு, 500ம் குப்பையாக இருந்ததும் உண்டு. கேடலாக் எண்ணோடு மறுபடி எழுதுங்கள்.