ரன்னுன்னா ஓடறது மட்டும்தானா?

கேள்வி: சார், அப்பாவுக்கு சுகர்னு வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டினு போயிருந்தேன், டாக்டரம்மா என்னைப் பார்த்து "டஸ் இட் ரன் இன் த ஃபேமிலி"ன்னு கேட்டாங்க, எனக்கு ரன்னுன்னா ஓடறதுன்னுதான் தெரியும், இன்னா சொல்றதுன்னு தெரியாம நின்னுட்டேன். அதுக்கு எத்தனை அர்த்தம்தான் சார் இருக்குது?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: வருத்தப்படாதீங்கம்மா, ஆக்ஸ்ஃபோர்ட் டிக்ஷனரிக்காரங்க ரன்னை வினைச்சொல்லா மட்டுமே 645 அர்த்தமா பிரிச்சு வெச்சிருக்காங்க. 1989 பதிப்புல செட்ங்கிற சொல்தான் சுமார் 430 அர்த்தத்தோட முன்னாடி நின்னுச்சு, அப்புறம் ரன் அதைத் தாண்டிடுச்சு. டாக்டரம்மா கேட்டது, இந்த சுகர் உங்க வீட்ல பரம்பரையா வருதா, தாத்தா பாட்டி அத்தை யாருக்காவது இருந்துச்சான்னு.

நம்ம ஓடு மட்டும் சும்மாவா? கடிகாரம் ஓடுது, மோட்டார் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, இங்கெல்லாம் இங்கிலீஷ்லயும் ரன்தான். 2021 நவம்பர்ல பாலாறு கரை புரண்டு ஓடுச்சே, அதுவும் ரன். ஆனா ஆறு வத்திப்போய் வெறும் மணலா கிடந்தா அதுக்கும் ரன் ட்ரைன்னு சொல்றாங்க பாருங்க, அங்கதான் நம்ம ஓடு கூட வராது. மூக்கு நமக்கு ஒழுகுது, அவங்களுக்கு ரன் ஆவுது. கடையை நாம நடத்துறோம், அவங்க ரன் பண்றாங்க. காட்பாடி ஸ்டேஷன்ல வண்டி ரன்னிங் லேட்னு சொன்னா தாமதமா வருதுன்னு அர்த்தம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ரன் இன்டு. லாங் பஜார்ல காய் வாங்கப் போன இடத்துல, பள்ளிக்கூடத்துல பாடம் எடுத்த டீச்சரை எதேச்சையா பார்த்தா ரன் இன்டு, அதே பஜார்ல ஆட்டோ போய் தள்ளுவண்டியில மோதி தக்காளியெல்லாம் உருண்டாலும் ரன் இன்டுதான், பின்னாடி ஆள் வருதா வண்டி வருதா, பேச்சு எதைப் பத்தின்னு பார்த்துத்தான் புரிஞ்சுக்கணும். ரன் ஓவர்ல மட்டும் ஜாக்கிரதையா இருங்க, ஆளைச் சொன்னா வண்டி அவர் மேல ஏறிடுச்சுன்னு ஆயிடும்.

அதனால நோட்ல ரன்னுன்னா ஓடுன்னு ஒத்தை வரி எழுதி மனப்பாடம் பண்ணாதீங்க. பின்னாடி ஒட்டிக்கிற குட்டிச் சொல்லோட சேர்த்து எழுதுங்க, பக்கத்துலயே நீங்க வீட்ல பேசற மாதிரி ஒரு வாக்கியம். ரன் அவுட்னா கிரிக்கெட்ல வர்றது வேற, வீட்ல எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னா "வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் ஆயில்". அப்பாவோட மாத்திரை தீர்ந்தாலும் இதே வாக்கியம்தான், ஆயிலை எடுத்துட்டு டேப்ளட்ஸ்னு போட்டு ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க.