திருமணம், குழந்தை, நடுவயது என்று அடையாளம் மாறிக்கொண்டே போகும்போது, கலைத்துறையில் இருக்கும் பெண் தன் வேலையின் தொடர்ச்சியை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கவலைகள் இருக்கின்றன. ஆள் மாறுவது ஒன்று, மாறும்போது அதுவரை செய்த வேலை காணாமல் போவது இன்னொன்று. முதலாவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இருபதில் கவிதை எழுதியவர் நாற்பதில் ஆவணப்படம் எடுக்கலாம், அறுபதில் களிமண்ணைத் தொடலாம். கெடுதல் நடப்பது பதிவில்தான். பெயர், தேதி, கையொப்பம், உரிமை எல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் அறுந்துபோக, பின்னால் தேடுபவர்களுக்கு ஒரே பெண் மூன்று அரைகுறைக் கலைஞர்களாகத் தெரிகிறாள். பதிவை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் மாறலாம்.

பெயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் சேதமாவது அங்கேதான். தொழிற்பெயர் வேறு, அடையாள அட்டைப் பெயர் வேறு என்று முதல் படைப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள். திருமணமோ மணமுறிவோ வங்கிக் கணக்கின் பெயரை மாற்றட்டும், அட்டைப்படத்திலும் டைட்டில் கார்டிலும் வரும் பெயரைத் தொட வேண்டாம். ஏற்கெனவே மாற்றிவிட்டீர்கள் என்றால், பழையதும் புதியதும் சேர்ந்த வடிவத்தை இரண்டு மூன்று படைப்புகளுக்காவது போட்டுவிட்டுப் பிறகு பழையதை விடுங்கள். அந்த இணைப்பு இல்லாவிட்டால் நூலகப் பட்டியலில் இரண்டு பேர் ஆகிவிடுவீர்கள்.

இதற்கென்றே இருப்பது ஐஎஸ்என்ஐ (ISNI) என்ற 16 இலக்க எண், படைப்பாளிகளை உலகெங்கும் அடையாளம் காட்டுவது. எழுத்தாளர், ஓவியர், நடிகர், இசைக்கலைஞர் என எல்லோருக்கும் உரியது. பெயர் மாறினாலும் எண் மாறாது, பழைய பெயர் அதன்கீழ் மாற்று வடிவமாகச் சேர்ந்துவிடும். வேண்டுமென்றே தனியாக வைத்துக்கொள்ளும் புனைபெயருக்கு மட்டும் தனி எண் கிடைக்கும். பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டியை வசூலித்துத் தரும் உரிமைச் சங்கங்கள் வழியாக ஐபிஐ (IPI) என்ற அடையாள எண் உண்டு. இதில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எண், எல்லாம் ஒரே ஆளோடு கட்டப்பட்டிருக்கும். கட்ட மறந்தால் அந்தப் பெயருக்கு வந்த ராயல்டி உரியவர் தெரியாத தொகையாகக் கிடக்கும். பெயர் மாற்றத்தைச் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, அவர்கள் பதிவு செய்த பிறகே வங்கிக் கணக்கின் பெயரை மாற்றுங்கள். வரிசை தலைகீழானால், பதிவில் உள்ள பெயரும் கணக்குப் பெயரும் ஒத்துப்போகாமல் பணம் திரும்பிப் போய்விடலாம்.

இரகசியப் புனைபெயரில் யாரும் சொல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. பெர்ன் ஒப்பந்தம் என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை உடன்படிக்கையின் 7(3) பிரிவுப்படி, எழுதியவர் யாரென்று தெரியாத புனைபெயர்ப் படைப்புக்குப் பதிப்புரிமைக் காலம் வெளியான நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. குறைந்தபட்சம் 50 ஆண்டு, பல நாடுகளில் அதைவிடக் கூடுதல். குறைந்தபட்சமே உள்ள ஒரு நாட்டில், இருபது வயதில் பயந்து மறைபெயரில் வெளியிட்ட கதையின் உரிமை எழுபது வயதில், நீங்கள் உயிரோடு இருக்கும்போதே முடிந்துவிடும். அந்தக் காலத்துக்குள் நீங்கள் யாரென்று வெளிப்படுத்திவிட்டால், எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் சில பத்தாண்டுகளும் என்ற வழக்கமான கணக்கு வந்துவிடும். எனவே மறைபெயர் வைத்தாலும் ஒப்பந்தத்தில் இயற்பெயரும் புனைபெயரும் சேர்ந்தே இருக்கட்டும். எப்போது வெளிப்படுத்துவது என்பதையும் யோசித்து வைத்திருங்கள்.

பெயரை இன்னொருவருக்குக் கொடுப்பது இதைவிடப் பெரிய இழப்பு. ஜெர்மன் இசையமைப்பாளர் ஃபான்னி ஹென்செல் இயற்றிய ஆறு பாடல்கள் 1827லும் 1830லும் அவருடைய தம்பி ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் தொகுப்புகளில் தம்பியின் பெயரிலேயே வந்தன. தன் பெயரில் முதல் தொகுப்பை அவர் தாமாகவே முடிவெடுத்து வெளியிட்டது 1846இல், 40 வயதில். அடுத்த ஆண்டு இறந்துபோனார். கணவர், சகோதரர், குழுத் தலைவர் யாராக இருந்தாலும், கூட்டு வேலையில் யார் எதைச் செய்தார்கள் என்று அன்றன்றைக்கே தேதி போட்டு எழுதி வையுங்கள். பின்னால் நினைவிலிருந்து எழுதும்போது எப்போதும் பெண்ணின் பங்குதான் சுருங்குகிறது.

ஓவியர்களும் சிற்பிகளும் ஒரு தாளில் கையொப்பச் சாவி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை எப்படிக் கையெழுத்திட்டீர்கள், படைப்பின் எந்தப் பக்கத்தில் என்று மாதிரியோடு. பெயரும் கையெழுத்தும் மாறிய பிறகு பழைய படைப்பு உங்களுடையதுதானா என்ற சந்தேகம் எழுந்தால் இந்த ஒரு தாள் தீர்த்துவைக்கும்.

அடுத்தது குழந்தை பிறந்த ஆண்டுகள். நேரம் குறைகிறது என்பது பாதி உண்மைதான், நேரம் துண்டாகிறது என்பதே முழு உண்மை. வேலையை 15 நிமிடம், 90 நிமிடம், முழு நாள் என்று மூன்றாகப் பிரியுங்கள். அபூர்வமாகக் கிடைக்கும் 90 நிமிடத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. அதெல்லாம் 15 நிமிட வேலை. நிறுத்தும்போது அடுத்து செய்ய வேண்டியதை ஒரு வரியில் எழுதிவிட்டு எழுந்தால், திரும்ப உட்காரும்போது எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதில்லை.

சாதனமும் மாற வேண்டியிருக்கும். நீர்வண்ணத்தில் நீர்த்த பூச்சைப் பாதியில் விட்டால் விளிம்பு காய்ந்து கோடு விழும். அக்ரிலிக் மெல்லிய பூச்சு சில நிமிடங்களில் இறுகிவிடும். கூவாஷ் என்ற ஒளிபுகா நீர்வண்ணம் காய்ந்த பிறகும் நீர் தொட்டால் இளகும், அதனால் இடையூறுகளுக்கு நடுவே அதில் வேலை செய்யலாம். எண்ணெய் வண்ணம் பொதுவாக ஒன்றிரண்டு நாள் ஈரமாக இருக்கும் என்றாலும் அதைக் கரைக்கும் டர்பன்டைன் கைக்குழந்தை உள்ள அறையில் கூடாது. களிமண்ணைப் பிளாஸ்டிக்கால் காற்றுப் புகாமல் சுற்றினால் நாள்கணக்கில் காத்திருக்கும்.

கர்ப்ப காலத்தில் ஈய வெள்ளை, மட்பாண்டங்களுக்குப் பூசும் ஈயம் கலந்த மெருகுக் கலவை, உலர்ந்த நிறமிப்பொடி, தெளிப்பான் ஆகியவற்றைத் தவிருங்கள். முன்பு உடலில் சேர்ந்த ஈயம் எலும்பில் தங்கியிருந்து கர்ப்பத்தின்போது இரத்தத்துக்கு வரும். பல ஆண்டு ஈய வண்ணத்தோடு வேலை செய்தவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். டைட்டானியம் வெள்ளை நல்ல மாற்று. தூரிகையைக் கரைப்பானுக்குப் பதில் ஆளி விதை எண்ணெயில் அலசிவிட்டுச் சோப்பால் கழுவலாம்.

பாடகிகளுக்கு உதரவிதானம் கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஏறக்குறைய 4 செ.மீ. மேலே தள்ளப்படுவதால் நீண்ட சொற்றொடர்களுக்கு மூச்சு போதாது. மூச்சு எடுக்கும் இடங்களைக் கூட்டிக்கொள்வதே வழி, வயிற்றை இறுக்கி அழுத்தக் கூடாது. நடனக் கலைஞர்களுக்கு மூட்டுகள் வழக்கத்தைவிட நெகிழ்ந்திருக்கும். உடம்பு நன்றாக வளைகிறதே என்று நீட்டிப் பயிற்சியை அதிகப்படுத்துவதுதான் காயத்துக்கு வழி. பிரசவத்துக்குப் பின் குதிப்பும் தட்டும் உள்ள அசைவுகளுக்குக் குறைந்தது 12 வாரம் பொறுத்து, இடுப்புத்தளத் தசையைச் சோதித்துக்கொண்டு திரும்புவது நல்லது. குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி வந்தால் அது டி குவெர்வேன் தசைநாண் அழற்சியாக இருக்கலாம். வீணையோ தூரிகையோ பிடிப்பவர்கள் வலியோடு வாசித்துத் தள்ளாமல் சீக்கிரம் காட்டிவிட வேண்டும்.

தாய்மையையே படைப்பின் பொருளாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மேன் யூகிலஸின் பாதை பார்க்கத் தகுந்தது. குழந்தை பிறந்த மறுவருடம், 1969இல், பராமரிப்பு வேலையே கலை என்று அறிக்கை எழுதினார். அதே எண்ணத்தைக் குழந்தையைத் தாண்டி நகரத்துக்கு விரித்து, நியூயார்க்கின் சுமார் 8,500 துப்புரவுத் தொழிலாளர்களோடு கைகுலுக்கினார். பொருள் வளர்ந்ததால் ‘அம்மா கலைஞர்’ என்ற ஒற்றைப் பெட்டியில் அவர் அடங்கவில்லை. குழந்தையின் முகத்தையும் பெயரையும் வெளியிடுமுன் மட்டும் நின்று யோசியுங்கள். அந்தச் சம்மதத்தைத் தரும் வயது அதற்கு வரவில்லை.

இடைவெளி ஆண்டுகளைத் தன்விவரத்தில் ஒளிக்காதீர்கள். கண்காட்சி இல்லாத ஆண்டில் வரைந்தவை, குறிப்பேடு, மொழிபெயர்ப்பு, கற்பித்தது எதுவானாலும் தொடங்கிய ஆண்டோடு பதியுங்கள். வயது வரம்புள்ள உதவித்தொகைகளில், பராமரிப்புக்காக நின்ற ஆண்டுகளைக் கழிப்பீர்களா என்று விண்ணப்பிக்கும் முன் எழுத்தில் கேளுங்கள்.

நடுவயதில் குரல் தாழும். மாதவிடாய் நின்ற பிறகு குரல் நாண்களின் தன்மை மாறி மேல்ஸ்தாயி கடினமாகும், கீழே கனம் கூடும். அழுத்தி மேலே ஏறுவதைவிடச் சுருதியை அரைக்கட்டை இறக்குவது குரலின் ஆயுளைக் கூட்டும். குரலை நம்பி வாழ்பவர் எந்த ஹார்மோன் மருந்துக்கு முன்பும் தன் தொழிலை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். டானசால் போன்ற ஆண்ஹார்மோன் தன்மையுள்ள மருந்துகள் குரலைத் தடிக்கச் செய்தால் அது திரும்பாமல் போகலாம்.

நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வரும்போது, படிக்கும் கண்ணாடி சுமார் 40 செ.மீ.க்கு அளந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஓவியம் வரையும் தாங்கி நிற்பது 60 முதல் 80 செ.மீ. தூரத்தில். கண்ணிலிருந்து கித்தான் வரை டேப்பால் அளந்து அந்த எண்ணைப் பரிசோதகரிடம் கொடுத்தால்தான் சரியான கண்ணாடி கிடைக்கும். கண்வில்லை மஞ்சளாகும்போது நீல வேறுபாடுகள் மங்கும், ஆகவே வண்ணக்குழாயின் பெயரைப் படித்து எடுப்பதும் நல்ல வெளிச்சமும் கைகொடுக்கும்.

தாமதமாகத் தொடங்குவதைப் பற்றி ஒன்று. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கலைஞர் மேரி டெலானி தாள் வெட்டி ஒட்டும் மலர்ச் சித்திரங்களைத் தொடங்கியது 70 வயதைத் தாண்டிய பிறகு. பார்வை மங்கும் வரை பத்தாண்டில் ஏறக்குறைய ஆயிரம் செய்தார். கியூபாவில் பிறந்த அமெரிக்க ஓவியர் கார்மென் ஹெரேரா தன் முதல் ஓவியத்தை விற்றது 89 வயதில், ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள் விடாமல் வரைந்துகொண்டிருந்தார். இவற்றை ஆறுதல் கதைகளாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெரேராவிடம் காட்டுவதற்குப் பழைய படங்கள் இருந்தன, அதனால்தான் அவரைக் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆகவே எந்த வயதிலும் ஒரு பட்டியல் இருக்கட்டும்: எண், தலைப்பு, ஆண்டு, சாதனம், அளவு, கையெழுத்திட்ட பெயர், இப்போது எங்கே, யாரிடம், புகைப்படக் கோப்பு. படத்தை விற்பது வேறு, அதன் பதிப்புரிமையை விற்பது வேறு. உரிமையை எழுதிக் கொடுக்காதவரை அது பொதுவாக உங்களிடமே இருக்கிறது, எனவே தனி நெடுவரிசையில் குறியுங்கள். உயிலில் பொருள்களுக்கு ஒருவரையும், படைப்புரிமைகளுக்கு இன்னொருவரையும் நியமிக்கலாம். இரண்டாமவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை, துறை தெரிந்தவராக இருக்க வேண்டும். கடவுச்சொற்களும் பட்டியல் இருக்கும் இடமும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.